கல்லுன்னு சொல்லி எடுத்த கட்டி

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு பொட்டி தட்டறது (நம்ம ஊர்ல இதுதானே வழக்கம்!). அதனால இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை மாத்தவோ நிறுத்தவோ வேண்டாம். நான் சொல்லப்போறது மருத்துவம் பத்திய கருத்து இல்லை, நம்ம வீடுகளைப் பத்திய கருத்து. அதை மேலேயே சொல்லிடறேன், அவசரக்காரங்க இதோட கிளம்பிடலாம்:

வீட்டுல யாருக்காவது கிட்னியில புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆகியிருந்தா, அது புற்றுநோய்தான்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. "மனசு தாங்காது", "வயசானவர்", "எடுத்தாச்சே, இனி எதுக்கு" இந்தக் கதையெல்லாம் வேற எந்த நோய்க்கு எடுபட்டாலும் சரி, இந்த நோய்க்கு எடுபடாது.

ஏன் இந்த நோய்க்கு மட்டும் இவ்வளவு பில்டப்புன்னு கேட்பீங்க. சொல்றேன்.

பெரியவங்களுக்கு கிட்னியில வர்ற புற்றுநோயில பத்துக்கு ஒன்பது 'ரீனல் செல் கார்சினோமா' என்ற வகை. அதுக்குள்ளேயும் முக்கால்வாசி 'கிளியர் செல்' என்ற உட்பிரிவு. 2022ஆம் வருஷம் மட்டும் உலகம் முழுக்க ஏறக்குறைய 4,34,000 பேருக்குப் புதுசா கிட்னி புற்றுநோய் வந்திருக்கு. பாதிக்கு மேல வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய் தற்செயலா கண்டுபிடிக்கிறதுதான். இடுப்புப் பக்கம் வலி, சிறுநீர்ல ரத்தம், வயித்துல கட்டி, இந்த மூணும் சேர்ந்து வரும்னு பழைய பாடப்புத்தகத்துல இருக்கும். இப்போ அப்படி மூணோட வர்றவங்க நூத்துக்குப் பத்து பேர் கூட இல்லை.

நல்ல செய்தியும் இருக்கு. கட்டி கிட்னியைத் தாண்டாம இருக்கும்போதே எடுத்துட்டா, அமெரிக்கக் கணக்குப்படி நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல அஞ்சு வருஷத்தைத் தாண்டிடறாங்க. நிறைய பேருக்கு அதோட கதை முடிஞ்சிடுது. திரும்பி வர்றவங்களுக்கும் பெரும்பாலும் முதல் மூணு வருஷத்துக்குள்ள வந்துடும். நுரையீரல், எலும்பு, கல்லீரல், மூளை, நிணநீர் முடிச்சுகள், இதெல்லாம் வழக்கமான இடம். ஸ்கேன் போடற டாக்டரும் அங்கேதான் தேடுவார்.

சிக்கல் மீதி இருக்கிறவங்களுக்குத்தான். இந்தப் புற்று பத்து வருஷம், பதினஞ்சு வருஷம், சிலருக்கு இருபது வருஷம் கூட சத்தமில்லாம இருந்துட்டு, யாரும் எதிர்பார்க்காத இடத்துல எட்டிப் பார்க்கும். தைராய்டு, கணையம், தலைத்தோல், மூக்கு, ஈறு, நாக்கு, கண்குழி, பித்தப்பை, தசை, இதயம்னு உடம்புல பட்டா இல்லாத இடமே இல்லை போலிருக்கு.

ஏன் இப்படி ஊர் சுத்துது? எனக்குப் புரிஞ்ச அளவுக்கு மூணு காரணம்.

ஒண்ணு, ரத்தம். இதயம் தள்ளற ரத்தத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குத்தான் போகுது. போதாக்குறைக்கு இந்தக் கட்டி தனக்குன்னு புது ரத்தக்குழாய் போட்டுக்கும். செல்லுக்குள்ள வி.எச்.எல் அப்படின்னு ஒரு ஜீன் இருக்கு, 1993இல் கண்டுபிடிச்சாங்க. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது 'ஆக்சிஜன் பத்தல' அலாரத்தை அணைச்சு வைக்கிறது அதோட வேலை. கிளியர் செல் கட்டிகள்ல பெரும்பாலும் இந்த ஜீன் பழுதாயிடுது. அலாரம் நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கும். உடம்பும் பாவம், குழாய் போட்டுக்கொடுத்துக்கிட்டே இருக்கும். இந்த அலாரம் எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூணு பேருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கொடுத்தாங்க.

ரெண்டு, பாதை. கிட்னியில இருந்து கிளம்பற சிரை நேரா பெருஞ்சிரைக்குப் போகுது, அங்கிருந்து இதயம், நுரையீரல். இந்தக் கட்டிக்கு அந்தச் சிரைக்குள்ளேயே கொடி மாதிரி வளர்ந்து போற பழக்கம் உண்டு, சில பேருக்கு இதயத்தோட வலது அறை வரைக்கும் போயிருக்கு. இது மெயின் ரோடு. பைபாஸும் இருக்கு. முதுகெலும்பைச் சுத்தி ஒரு சிரை வலை இருக்குன்னும், அதுல வால்வே இல்லாததால ரத்தம் ரெண்டு பக்கமும் ஓடலாம்னும் 1940இல் ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறியல்காரர் காட்டினார். அந்த வழியா நுரையீரலைத் தொடாமலே தலைக்கும் கழுத்துக்கும் போயிடலாம். அதே மாதிரி இடது பக்க சினைப்பையோட சிரை நேரா இடது கிட்னிச் சிரையில வந்து சேருது (வலது பக்கம் அப்படி இல்லை). சினைப்பையிலும் பிறப்புறுப்பிலும் இந்தப் புற்று தென்பட்ட அபூர்வமான கேஸ்களுக்கு, ரத்தம் அந்தச் சிரையில பின்னோக்கிப் போனதைக் காரணமாச் சொல்றாங்க.

மூணு, மண். ஸ்டீஃபன் பேஜட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1889இல் மார்பகப் புற்றுநோயில இறந்த 735 பேரோட பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துப் பார்த்துட்டு, பரவறது குருட்டாம்போக்கு இல்லை, விதைக்கேத்த மண்ணுல தான் முளைக்கும்னு எழுதினார். 1928இல் ஜேம்ஸ் யூயிங், அதெல்லாம் இல்லை, ரத்தம் ஓடற பாதைதான் தீர்மானிக்குதுன்னு எதிர்க்கட்சி பேசினார். கிட்னி புற்றைப் பார்த்தா ரெண்டு பேரும் பாதிப்பாதி சரின்னுதான் எனக்குத் தோணுது.

சரி, இதெல்லாம் அபூர்வம்தானே, எதுக்கு வீட்டுல சொல்லிக் கிலி கிளப்பணும்? இங்கேதான் மேட்டரே இருக்கு.

வேற உறுப்புல இருந்து தைராய்டுக்கு வந்து, டாக்டர் கண்ணுல படற அளவுக்கு வளர்ற புற்றுல முதலிடம் கிட்னிக்கு. வேற இடத்துல இருந்து கணையத்துக்கு வந்து ஆபரேஷன் வரைக்கும் போறதுலயும் முதலிடம் கிட்னிக்கு. கழுத்துக்குக் கீழே இருந்து மூக்கு, சைனஸுக்கு வர்றதுலயும் அதேதான். ஆனா நோயாளி போய் நிக்கிறது புற்றுநோய் டாக்டர்கிட்ட இல்லையே! மூக்குல ரத்தம் வந்தா காது மூக்கு தொண்டை டாக்டர். ஈறுல சதை வளர்ந்தா பல் டாக்டர். தலையில சிவப்பா ஒரு உருண்டை வந்தா தோல் டாக்டர். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பெட்டிக்குள்ள இருக்கிற சாதாரண நோயைத்தான் முதல்ல நினைப்பாங்க. அதுல தப்பே இல்லை, நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது தடவை அது சாதாரண நோயாத்தான் இருக்கும். அந்த மிச்சம் ஒண்ணைப் பிடிக்க அவங்களுக்கு ஒரே ஒரு துப்பு வேணும்: "எனக்கு முன்னாடி கிட்னியில கேன்சர் வந்து எடுத்திருக்காங்க." இதைச் சொல்ல வேண்டிய ஆளுக்கே விஷயம் தெரியலைன்னா?

துப்பு இல்லாட்டி என்ன ஆகும்? ரெண்டு உதாரணம்.

இந்தக் கட்டி எங்கே போனாலும் ரத்தக்குழாயையும் கூடவே கூட்டிட்டுப் போகும். ஈறுல இருக்கிறதைச் சாதாரண சதைன்னு நினைச்சு வெட்டினா ரத்தம் நிக்காது. முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் தயாரா இருப்பார்.

அடுத்தது லேப். எந்த உறுப்புல பிறந்த செல்லுன்னு கண்டுபிடிக்க, சதைத் துணுக்குல சில புரதங்களைச் சாயம் போட்டுப் பார்ப்பாங்க. அதுல பாக்ஸ்-8 என்ற புரதம் கிட்னி புற்றுலயும் இருக்கும், தைராய்டு புற்றுலயும் இருக்கும். ரெண்டு சர்வருக்கும் ஒரே பேர் வச்ச மாதிரி! பிரிச்சுப் பார்க்க தைரோகுளோபுலின் மாதிரி வேற சோதனைகள் இருக்கு. ஆனா கிட்னி மேல சந்தேகம் வந்தாத்தானே அந்தச் சோதனையைக் கேட்கத் தோணும்?

இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கலை, எங்க வீட்டுலயே பார்த்தேன். எங்க பெரியப்பா கோவில்பட்டியில தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருந்தவர். 2008இல் அவருக்கு இடது கிட்னியை எடுத்தாங்க. நான் அப்போ ஆறாவது. "பெரியப்பாவுக்குக் கிட்னியில பெரிய கல்லு, கிட்னியே கெட்டுப்போச்சு, எடுத்துட்டாங்க" அப்படின்னுதான் ஊருக்கும் சொன்னாங்க, அவருக்கும் சொன்னாங்க. பெரியம்மாவுக்கும் மூத்த அண்ணனுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். அந்த ஆஸ்பத்திரியிலயும் அண்ணனைத் தனியாக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்காங்க. முதல் ரெண்டு வருஷம் 'கல்லு திரும்ப வந்திருக்கா பார்க்கணும்'னு சொல்லி ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு.

2021இல் கழுத்துல வீக்கம். வேற ஊர், வேற ஆஸ்பத்திரி. "முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?" என்று கேட்டதுக்குப் பெரியப்பா தெளிவா, நம்பிக்கையா பதில் சொல்லியிருக்கார்: "கிட்னியில கல்லு சார்." ஊசிப் பரிசோதனையில தைராய்டு கட்டி மாதிரி இருக்குன்னு வந்தது, பாதி தைராய்டை எடுத்தாங்க. லேப் ரிப்போர்ட் குழப்பமா வந்தது. மறுபடி மறுபடி கேட்டதுக்கு அப்புறம்தான் பெரியம்மா அழுதுக்கிட்டே வாயைத் திறந்தாங்க. பழைய ஃபைலைத் தேடினா இல்லை, வீடு வெள்ளையடிச்சப்போ போயிருக்கு. எடுத்த துணுக்கைத் திரும்ப சோதனை பண்ணி, கிட்னி சமாச்சாரம்தான்னு உறுதியாக ரெண்டு மாசம். அதுக்கப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேன்ல கணையத்துலயும் ரெண்டு புள்ளி.

பெரியப்பா நோய்க்குக் கலங்கலை. அவர் கேட்டது வேற. "எய்யா, பதிமூணு வருசம் எனக்கு என்ன வந்துச்சுன்னு வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியலையா? நான் என்ன சின்னப் புள்ளையா?" பெரியம்மாகூட ஒரு மாசம் சரியாப் பேசலை. மாத்திரையில இருக்கார், இன்னிக்கும் சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடந்து போறார். ஆனா அந்தக் கேள்விக்கு எங்க வீட்டுல இதுவரைக்கும் யார்கிட்டயும் பதில் இல்லை.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. அவங்க செஞ்சது பாசத்துல. ஆனா பாசத்துல செஞ்சாலும் விளைவு விளைவுதான்.

இப்போ எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"சொன்னா உடைஞ்சு போயிடுவாங்க." சில பேர் உடையலாம். எப்படிச் சொல்றது, எவ்வளவு சொல்றதுங்கிறதுல நிதானம் வேணும்தான். "கேன்சர் இருந்தது, மொத்தமா எடுத்தாச்சு, வருஷா வருஷம் பார்த்துக்கணும்" என்று சொல்றது உண்மை, அதுல நம்பிக்கையும் இருக்கு. "கல்லு" என்பது பொய். ரெண்டுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு.

"தெரிஞ்சு மட்டும் என்ன பண்ணப்போறோம்?" 2005க்கு முன்னாடி இந்தக் கேள்வியில கொஞ்சம் நியாயம் இருந்தது. பரவின கிட்னி புற்றுக்கு உருப்படியான மருந்து ரொம்பக் குறைவு. 2005 கடைசியில சோராஃபெனிப், 2006 தொடக்கத்துல சுனிடினிப்னு ரத்தக்குழாய் போடறதைத் தடுக்கிற மாத்திரைகள் அமெரிக்காவுல அனுமதி வாங்கினது. நம்ம ஊர்ல சோராஃபெனிப் மாசத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாய்னு வித்தப்போ, 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுத்து 9,000 ரூபாய்க்குள்ள கொண்டுவந்தது. இந்தியா கொடுத்த முதல் கட்டாய உரிமமே இந்த மருந்துக்குத்தான், கல்லீரல், கிட்னி புற்றுக்காக. இப்போ அதைவிட நல்ல மருந்தெல்லாம் வந்தாச்சு. 2015இல் கிட்னி புற்றுக்கு எதிர்ப்புசக்தியைத் தூண்டற நிவோலுமாப், நோபல் வாங்கின அதே அலாரத்தைக் குறிவச்சு பெல்சுடிஃபான், 2023 டிசம்பரில் பரவின கிட்னி புற்றுக்கும் அனுமதி. ஒரே இடத்துல மட்டும் வந்திருந்தா ஆபரேஷனோ கதிர்வீச்சோ வச்சுப் பல வருஷம் ஓட்டினவங்களும் உண்டு. முக்கியமா கணையம். கணையத்துலயே பிறந்த புற்றுன்னா கேட்டவுடனே வீடு இடிஞ்சு உட்கார்ந்துடும், அதுக்கு நியாயமும் இருக்கு. கிட்னியில இருந்து கணையத்துக்கு வந்ததுன்னா அது பொதுவா மெதுவா நகர்றது, நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஸ்கேன்ல ஒரே கணையம், ஒரே கட்டி. பழைய கதை தெரிஞ்சா தீர்ப்பே மாறுது.

"சொல்லிட்டா ஒவ்வொரு கொப்புளத்துக்கும் பயப்படுவாங்க." இது மூணுலயும் கனமான வாதம். பயந்துக்கிட்டே வாழறது ஒரு வாழ்க்கை இல்லை. ஆனா நான் கேட்கறது தினமும் கண்ணாடியில உடம்பைத் தேடச் சொல்லி இல்லை. புது டாக்டர்கிட்ட போகும்போது ஒரே ஒரு வாக்கியம். யோசிக்கிற வேலை அவரோடது.

கடைசியா நம்ம துறைக்காரங்களுக்குப் புரியற மாதிரி ஒரு விஷயம். இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002ஆம் வருஷ விதிகள்படி உள்நோயாளிகளோட ஆவணங்களை டாக்டர் மூணு வருஷம் வச்சிருக்கணும், நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும். நோயோ பதினஞ்சு வருஷம் கழிச்சு வரும், லாக் மூணு வருஷத்துல அழியலாம்! எந்த ப்ராஜெக்ட்லயாவது இதை ஒத்துக்குவோமா? அப்போ பேக்கப் எங்கே இருக்கணும்? நோயாளி வீட்டு பீரோவுல.

அதே விதிகள்ல இன்னொண்ணு. நோயோட நிலைமையைக் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைச்சும் சொல்லக்கூடாது, நோயாளிக்கோ உறவினருக்கோ பொறுப்பான நண்பருக்கோ தெரியணும்னு இருக்கு. கோடு எழுதறவனுக்கு 'ஆர்' கண்டிஷன்னா என்னன்னு தெரியும், ஏதாவது ஒண்ணு உண்மையா இருந்தா போதும், மொத்தமும் பாஸ். நம்ம ஆஸ்பத்திரிகள்ல மகன்கிட்ட சொன்னதோட பாஸ் ஆயிடுது. என் கருத்துல அங்கே நோயாளி கட்டாயம், மத்தவங்க விருப்பம்னு இருக்கணும். தனக்கு எதுவும் தெரிய வேண்டாம்னு நோயாளியே சொன்னா மட்டும்தான் விதிவிலக்கு.

விதி மாறும்போது மாறட்டும். அதுக்குள்ள நாம செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. பயாப்ஸி ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி ரெண்டு மூணு பேர் போன்ல வச்சுக்குங்க. பழைய ரிப்போர்ட்ல 'ஹைப்பர்நெஃப்ரோமா', 'கிராவிட்ஸ் ட்யூமர்'னு இருந்தா ஏமாந்துடாதீங்க. 1883இல் பால் கிராவிட்ஸ் இந்தக் கட்டி அட்ரீனல் சுரப்பியோட துணுக்குல இருந்து வருதுன்னு நினைச்சதால வந்த பேர் அது. அவர் நினைச்சது சரியில்லை, பேர் மட்டும் நின்னுபோச்சு. நோய் இதேதான். தொடர் ஸ்கேன் எவ்வளவு நாள் தேவைன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அஞ்சு வருஷத்தோட தானாவே முடிஞ்சதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. பர்ஸுல ஒரு துண்டுச் சீட்டு: எந்தக் கிட்னி, எந்த வருஷம், என்ன வகை. அவ்வளவுதான்.

அந்தச் சீட்டை எழுதணும்னா முதல்ல அவங்களுக்குத் தெரியணும். இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறவங்க, வீட்டுல யாருக்காவது வயித்துப் பக்கம் நீளமா ஒரு தழும்பு இருந்தா, அது என்ன ஆபரேஷன்னு கேட்டுப் பாருங்க. பதிலைச் சொல்றவர் தழும்புக்காரர்தானா, இல்லை பக்கத்துல இருக்கிறவங்க முந்திக்கிட்டுச் சொல்றாங்களான்னு கவனிங்க.